முதல் காதலின் தோளில் எத்தனை பாரம்?

சாவு வீடு. அம்மாவின் படத்துக்கு முன்னால் கறுப்பு உடுத்தி ஊரே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறது. 12 வயது மகள் கையில் வைத்திருந்த சின்ன மணற்கடிகாரத்தை ஓங்கி அந்தப் படத்தின் மேல் எறிகிறாள். செத்துப்போன அம்மாவை எல்லார் முன்னாலும் திட்டுகிறாள். அவள் அழுவாள் என்று காத்திருந்த பெரியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜப்பானில் பெண்பிள்ளைகளுக்காக வரும் ‘ஷோஜோ’ வகை மாங்கா (சித்திரக்கதை) ஒன்றின் தொடக்கப் பகுதியில் இருக்கிற காட்சி இது, காதல் கதை. ‘சுனாதோகெய்’, அதாவது மணற்கடிகாரம். எழுதி வரைந்தவர் அஷிஹாரா ஹினாகோ. ஷோககுகன் நிறுவனத்தின் ‘பெட்சுகோமி’ மாத இதழில் 2003 முதல் 2006 வரை வந்தது, மொத்தம் 10 தொகுதிகள். விஸ் மீடியா ‘சேண்ட் கிரானிக்கிள்ஸ்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. ஷோஜோ என்றாலே பெரிய கண், பூ மழை, பள்ளிக்கூட மாடியில் காதல் சொல்வது என்று நினைத்து ஒதுக்கிவைத்திருக்கிறவர்களிடம் நான் முதலில் எடுத்துக்கொடுப்பது இந்தத் தொடரைத்தான். முதல் காதலைப் பற்றியும் துக்கத்தைப் பற்றியும் இவ்வளவு நேர்மையாகப் பேசிய இன்னொரு ஷோஜோவை நான் படித்ததில்லை.

கதையை முழுக்கச் சொல்லப்போகிறேன். சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

அந்த மகளின் பெயர் அன். தோக்கியோவில் வளர்ந்த பெண். அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு, அம்மா மிவாகோ அவளைக் கூட்டிக்கொண்டு தன் பிறந்த ஊருக்குத் திரும்புகிறாள். ஊர் ஷிமானே மாநிலத்தில். ஜப்பான் கடலைப் பார்த்த மேற்குக் கரை. ஜப்பானின் 47 மாநிலங்களில் மக்கள்தொகையில் கடைசிக்கு முந்தைய இடம் அதற்கு. இளைஞர்கள் வேலை தேடி வெளியேறிக்கொண்டே இருக்கிற பகுதி. குளிர்காலத்தில் பனி கொட்டும். தோக்கியோவிலிருந்து இஸுமோவுக்கு இரவு ரயிலில் ஏறினால் சுமார் 12 மணி நேரம். ரயில் தூரம் என்று மட்டும் இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் இரண்டு பிள்ளைகள் இந்தத் தூரத்துக்கு இரண்டு முனையிலும் நின்றுகொண்டு காதலிக்கப்போகிறார்கள்.

ஊருக்குப் போகிற வழியில் அம்மாவும் மகளும் நிமா மணல் அருங்காட்சியகத்தில் இறங்குகிறார்கள். இது நிஜமான இடம். கண்ணாடிப் பிரமிடுகளாக நிற்கும் கட்டடம். வடிவமைத்த கட்டடக்கலைஞர் தகமாட்சு ஷின் அதே நிமாவில் பிறந்தவர். உள்ளே 5.2 மீட்டர் உயரம், 1 மீட்டர் விட்டம் உள்ள மணற்கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு டன் மணல். மேலிருந்து கீழே வடிந்து முடிக்க சரியாக ஒரு வருஷம். புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் ஊர்க்காரர்கள் கூடிக் கயிறு பிடித்து அதைத் திருப்பிவைப்பார்கள். அந்த ராட்சதக் கடிகாரத்தின் அடியில் நின்றுகொண்டு, மேலே இருக்கிற மணல் இனி வரப்போகிற காலம், கீழே விழுந்தது கடந்த காலம், திருப்பிவைத்தால் கடந்ததே வருங்காலமாகிவிடும் என்கிற மாதிரி அம்மா மகளிடம் பேசுகிறாள். கைக்கடக்கமான ஒரு மணற்கடிகாரமும் வாங்கித் தருகிறாள். அதைத்தான் அன் பிறகு எறிகிறாள்.

அந்தக் கரையில் இன்னொன்றும் உண்டு. பக்கத்தில் இருக்கிற கோட்டோகஹாமா கடற்கரையில் நடந்தால் மணல் கீச்சென்று பாடும். சுத்தமான குவார்ட்ஸ் மணிகள் ஒன்றோடொன்று உரசுவதால் வருகிற சத்தம். மணல் அழுக்கானால் பாட்டு நின்றுவிடும். 1185-இல் தன்னோஉரா கடற்போரில் ஹெய்கே குலம் அழிந்தபோது தப்பிய ஒரு இளவரசி இங்கே கரை ஒதுங்கினாளாம். காப்பாற்றிய ஊர்மக்களுக்குத் தினமும் கோட்டோ வாத்தியம் வாசித்துக் காட்டினாளாம். அவள் இறந்து ஊரே துக்கத்தில் இருந்தபோது மணல் பாட ஆரம்பித்ததாம். இப்படியொரு கதையைக் காலம்காலமாகச் சொல்லிவரும் கடற்கரைக்குப் பக்கத்தில் அஷிஹாரா தன் கதையை வைத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பாட்டி கண்டிப்பானவள். கணவனைப் பிரிந்து சோர்ந்துபோய் வந்து நிற்கும் மகளைத் தாங்கிப் பிடிக்கத் தெரியாமல், நிமிர்ந்து நில், இன்னும் கொஞ்சம் முயற்சி செய் என்று விரட்டுகிறாள். கெட்டவளா? இல்லை. அவளுக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான். மிவாகோவுக்குள் இருந்தது சோம்பல் இல்லை, நோய் என்பது அந்த வீட்டில் யாருக்கும் புரியவில்லை. ஒரு குளிர்நாளில் வெளியே போகிறாள். உயிரோடு திரும்பவில்லை.

இந்தத் தொடரில் என்னை மிகவும் பாதித்த பாத்திரம் அந்தப் பாட்டிதான். காதல் கதைகளில் பாட்டிகளை யாரும் கவனிப்பதில்லை. மகளுக்குச் சொன்ன ஒவ்வொரு கடுஞ்சொல்லையும் மீதி வாழ்நாள் முழுக்க அவள் சுமக்கிறாள், அதோடு பேத்தியையும் வளர்க்கிறாள். அவள் உட்கார்ந்து புலம்புகிற மாதிரி பக்கங்களை அஷிஹாரா வரையவில்லை. சோறு பொங்குகிறாள், முகம் கடுகடுவென்று இருக்கிறது, பேத்தி தாமதமாக வந்தால் வாசலுக்கு வந்து பார்க்கிறாள். வயதானவர்களின் துக்கத்தை இப்படித்தான் நான் பார்த்திருக்கிறேன்.

சரி, காதல். டாய்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைபோல ஊரில் சுற்றுகிற முரட்டுப் பையன். வாய் ஜாஸ்தி, மனசு அதைவிடப் பெரிது. கூடவே ட்சுகிஷிமா என்ற ஊர்ப் பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் இருவர்: அமைதியான ஃபுஜி, அவன் தங்கை ஷீகா. நால்வரும் ஒன்றாக வளர்கிறார்கள். ஃபுஜிக்கு அன்மேல் பிரியம், ஷீகாவுக்கு டாய்கோமேல். இது வழக்கமான நாற்கோணம்தான், அதில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. ஆனால் ட்சுகிஷிமா வீட்டுக்குள் இருக்கும் பிறப்பு ரகசியமும், அது அண்ணன் தங்கை இருவரையும் எப்படித் தின்கிறது என்பதும் தனிக்கதை. படிக்கும்போது நீங்களே பாருங்கள்.

உடைந்துபோன மணற்கடிகாரத்துக்குப் பதிலாக அதே மாதிரி இன்னொன்றை டாய்கோ கொண்டுவந்து அன்னின் கையில் கொடுக்கிறான். தான் கூடவே இருப்பதாக வாக்குக் கொடுக்கிறான். அவனும் சிறுவன்தான். மனசார, முழுசாக, அதன் எடை என்னவென்றே தெரியாமல் சொல்கிறான்.

ஷோஜோ கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நம்மைக் குளிர்வித்துவிடும். தாயை இழந்த பெண், அவளைத் தாங்கும் பையன், துக்கத்துக்குக் காதல் மருந்து. படிக்கிற நமக்கும் அதுதான் வேண்டும். அஷிஹாரா அதை நமக்குத் தருகிறார். 14 வயதுக் கோடை, முதல் முத்தம், மலைப்பாதை, வெட்கம் எல்லாவற்றையும் தாராளமாகத் தருகிறார். அந்தப் பக்கங்களின் சந்தோஷத்தில் ஒரு துளிகூடப் பொய் இல்லை. அதைக் கொடுத்துவிட்டு அடுத்த சில தொகுதிகளில் ஒரு கேள்வி கேட்கிறார்: ஒரு பெண்ணின் துக்கம் முழுவதையும் அவளை நேசிக்கிற ஒரு பையனின் தோளில் ஏற்றினால், அந்தக் காதல் என்ன ஆகும்?

அப்பா வந்து கூப்பிட, அன் தோக்கியோவுக்குப் போகிறாள். தொலைபேசி, கடிதம், விடுமுறைக்கு விடுமுறை சந்திப்பு. தூரம் கூடக்கூட அவளுக்குள் ஒரு பயம் வளர்கிறது. அம்மாவிடம் இருந்த பலவீனம் எனக்குள்ளும் இருக்கிறதோ? நானும் ஒருநாள் இப்படித்தான் போய்விடுவேனோ? தற்கொலையில் பெற்றவரை இழந்த பிள்ளைகள் பலர் இந்தப் பயத்தை வெளியே சொல்வதே இல்லை. அன்னும் சொல்வதில்லை. பதிலுக்கு டாய்கோவை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அவன் சிரித்தால் இவள் பிழைக்கிறாள், அவன் முகம் சுருங்கினால் இவள் கீழே விழுகிறாள். தன் பிடி அவனை நசுக்குகிறது என்று ஒரு கட்டத்தில் அவளுக்கே தெரிந்துவிடுகிறது. நேசம் குறையாமலே அவள்தான் பிரிகிறாள்.

இந்தப் பிரிவைப் படித்துவிட்டுக் கோபப்பட்ட வாசகர்களை எனக்குத் தெரியும். இத்தனை பிரியம் இருக்கும்போது எதற்காக விடணும் என்பார்கள். எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. 17 வயதுப் பெண் ஒருத்தி, தன்னைக் காப்பாற்றுவது இன்னொருவரின் முழுநேர வேலையாக இருக்கக்கூடாது என்று உணர்கிறாள். ஆனால் அதற்குப் பிறகு தன்னைத் தானே எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவும் யாரும் இல்லை. மருத்துவரிடம் கூட்டிப்போக யாருக்கும் தோன்றவில்லை. கதையின் மீதிப் பாதி இந்த இடைவெளியில் நடக்கிறது.

அதற்கப்புறம் வருஷங்கள் போகின்றன. 20 வயதில் ஃபுஜியோடு ஒரு காலம். பிறகு சகுரா என்ற மனிதரோடு கல்யாணம் நிச்சயமாகிறது. நல்ல உத்தியோகம், தெளிவான திட்டங்கள், மற்றவர்களின் பலவீனத்துக்கு இடம் கொடுக்காத சுபாவம். அன் தன்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அவருக்குப் பொருந்தப் பார்க்கிறாள். அதுவும் முறிகிறது. 26 வயதில், அம்மா நின்ற அதே விளிம்பில் மகள் வந்து நிற்கிறாள்.

அம்மாவின் மரணத்துக்கு 14 வருஷம் கழித்து! தொடர் முழுக்க எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவது இந்தக் கால அளவுதான். அத்தியாயங்களுக்குத் தலைப்பு வைத்திருக்கிற விதத்தைப் பாருங்கள்: 12 வயது, குளிர்காலம். 14 வயது, கோடை. இப்படி வயதும் பருவமும்தான் தலைப்பு. நடுவில் இரண்டு வருஷம், மூன்று வருஷம் சத்தமில்லாமல் காணாமல்போகும். காரியம் முடிந்ததும் துக்கம் முடிந்தது என்று கணக்கு வைக்கிற நமக்கு, நடுவில் சிரித்து, பரீட்சை எழுதி, காதலித்து, வேலைக்குப் போன ஒருத்திக்குள் அது அப்படியே உயிரோடு இருந்தது என்று காட்டுவதற்கு அஷிஹாராவுக்கு அத்தனை வருஷமும் தேவைப்பட்டது. நேற்று நன்றாகத்தானே இருந்தாள் என்று சாவு வீடுகளில் சொல்வோமே, அந்த ‘நன்றாக’வுக்குள் என்ன இருந்திருக்கும் என்று இந்தப் புத்தகம் திறந்து காட்டுகிறது.

இவ்வளவையும் சொல்வதற்கு ஷோஜோ வடிவம் அவருக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. பேச்சுக் குமிழிக்கு வெளியே, வெற்றிடத்தில் மிதக்கிற மனக்குரல் இந்த வகையின் பழைய உத்தி. இங்கே அந்தக் குரல் வளர்ந்த அன்னுடையது. கல்யாணத்துக்கு முன் சாமான்களைக் கட்டும்போது அந்த மணற்கடிகாரம் கையில் அகப்படுவதில்தான் முதல் அத்தியாயமே தொடங்குகிறது. மாப்பிள்ளை யார் என்று அங்கே சொல்வதில்லை. ஆக, 12 வயதுச் சிறுமி பனியில் விளையாடுகிற படத்தின் ஓரத்தில், நடக்கப்போவதெல்லாம் தெரிந்த ஒரு பெண்ணின் குரல் ஓடிக்கொண்டிருக்கும். சின்னச் சின்ன சந்தோஷங்கள்கூட நெஞ்சைப் பிசைவதற்கு அதுதான் காரணம். பனி விழும் பக்கங்களில் வசனமே இல்லாமல் வெள்ளையை விட்டுவிடுகிறார். தாளின் வெள்ளைதான் பனி. மேலே மை தேவையில்லை.

ஷோஜோவில் இந்தக் கருவுக்கு முன்னோடிகள் உண்டு. ஹகியோ மோட்டோ 1974-இல் தொடராக எழுதிய ‘தோமாவின் இதயம்’ ஒரு பள்ளி மாணவனின் தற்கொலையில்தான் தொடங்கும். அவன் விட்டுப்போன காதலை மற்றவர்கள் என்ன செய்வது என்பதுதான் கதை. அஷிஹாராவோடு ஒரே சமயத்தில் அதே பெட்சுகோமி இதழில் ஒபாட்டா யூக்கி ‘போக்குரா க இத்தா’ எழுதிக்கொண்டிருந்தார். ஹொக்கைடோவின் குஷிரோ ஊரில் நடக்கிற கதை. விபத்தில் காதலியை இழந்த யானோ என்ற பையனை நானமி நேசிக்கத் தொடங்குகிறாள், செத்தவளின் நிழல் எப்போதும் நடுவில் விழுந்துகொண்டே இருக்கிறது. 50-ஆவது ஷோககுகன் மாங்கா விருதில் ஷோஜோ பிரிவை இந்த இரண்டு தொடர்களும் பகிர்ந்துகொண்டன. ஒன்றில் இழந்தவளே காதலிக்கிறாள், மற்றதில் இழந்தவனைக் காதலிக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரே காயத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்த மாதிரி இருக்கும். ஆனாலும் எனக்கு அன்தான் நெருக்கம். யானோவின் துக்கத்தை நாம் நானமியின் கண்ணால் வெளியிலிருந்து பார்க்கிறோம். அன்னின் துக்கத்துக்குள்ளேயே நம்மை உட்காரவைத்துவிடுகிறார் அஷிஹாரா.

முடிவு? அன் பிழைக்கிறாள். ஷிமானேயிலேயே தங்கி, பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்ட டாய்கோவைத் திரும்பச் சந்திக்கிறாள். அவர்கள் சேர்கிறார்கள். முதல் காதலோடே கதையை முடிப்பது ஷோஜோ வாசகர்களுக்குக் கொடுத்த சலுகை என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 12 வயதில் அவன் கொடுத்த வாக்கை 26 வயதில் யாரும் நிறைவேற்றச் சொல்லவில்லை. இந்தத் தடவை அவள் தன்னைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி வரவில்லை, அவனும் தூக்குகிறேன் என்று சொல்லவில்லை. இருவரும் பக்கத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். முதல் காதல் என்பதால் அது ஜெயிக்கவில்லை. அதன் தோளிலிருந்து பாரத்தை இறக்கிவைத்ததால் ஜெயித்தது. நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் இன்றைக்கு இந்தத் தொடரைத் தேடிப்போகிற யாரும் இதைத் தாண்டித்தான் போகவேண்டும். அஷிஹாரா ஹினாகோ 2024 ஜனவரி 29 அன்று இறந்துகிடந்தார். வயது 50. தற்கொலை என்று கருதப்படுகிறது. அவருடைய ‘செக்ஸி தனகா-சான்’ மாங்கா 2023 இறுதியில் தொலைக்காட்சித் தொடராக வந்திருந்தது. மூலத்துக்கு உண்மையாக எடுக்கவேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். கடைசி இரண்டு பகுதிகளின் திரைக்கதையை அவரே எழுத நேர்ந்தது. அதைச் சுற்றி இணையத்தில் சர்ச்சை எழ, நடந்ததை விளக்கி எழுதினார், பிறகு அதை நீக்கினார். தொலைக்காட்சி நிறுவனம் 2024 மே மாத இறுதியிலும் பதிப்பகம் ஜூனிலும் விசாரணை அறிக்கைகளை வெளியிட்டன. ‘செக்ஸி தனகா-சான்’ முடிவடையாமலே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு பலர் ‘சுனாதோகெய்’யைத் திரும்ப எடுத்து, அதில் ஏதோ முன்னறிவிப்பு இருப்பதுபோலப் பேசினார்கள். எனக்கு அது வலித்தது. அப்படிப் படிப்பது அவருக்கும் நியாயமில்லை, புத்தகத்துக்கும் நியாயமில்லை. மிவாகோவின் மரணத்துக்கு ஒற்றைக் காரணம் தேடித் தேடி அன் எவ்வளவு சீரழிகிறாள் என்பதைத்தானே அவர் இத்தனை தொகுதிகளாக எழுதினார்? பாட்டி தன்னைக் குற்றம் சொல்கிறாள், மகள் தன்னைக் குற்றம் சொல்கிறாள், ஒருவரும் முழு விடைக்குப் போய்ச் சேர்வதில்லை. இறந்தவரின் மனசுக்குள் நாம் நுழைய முடியாது என்பதை அவர் அவ்வளவு பொறுமையாக எழுதிக் காட்டியிருக்கிறார். அவர் புத்தகத்தையே சாவியாக எடுத்துக்கொண்டு அவர் மனசைத் திறக்கப் பார்க்கவேண்டாம். அவர் எழுதியது, விளிம்பு வரை போன ஒரு பெண் பிழைத்து வாழ்கிற கதை. அதை அப்படியே வைத்திருப்போம்.

மற்ற வடிவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2007-இல் டிபிஎஸ் தொலைக்காட்சியில் பகல்நேரத் தொடராக 60 பகுதிகளில் வந்தது. 2008-இல் சாத்தோ ஷின்சுகே இயக்கத்தில் திரைப்படம். சிறு வயது அன்னாகக் காஹோ, வளர்ந்த அன்னாக மட்சுஷிதா நாவோ. படத்தில் ஷிமானே அழகாக இருக்கிறது, காஹோவின் முகம் மறக்காது. ஆனால் 14 வருஷத்தை இரண்டு மணி நேரத்தில் அடைக்கும்போது அந்தக் காணாமல்போன வருஷங்களின் கனம் போய்விடுகிறது. படத்தை மட்டும் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று விட்டுவிடாதீர்கள்.

புத்தகத்தில் முதல் 8 தொகுதிகளோடு மூலக்கதை முடிந்துவிடும், கடைசி இரண்டும் கிளைக்கதைகள். அவற்றையும் விடாமல் படியுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். அம்மா இறக்கும் பகுதியும் 26 வயதுப் பகுதியும் கடினமானவை. வீட்டில் யாரையாவது இப்படி இழந்தவர்கள் நல்ல மனநிலையில் இருக்கும்போது மட்டும் எடுங்கள். படிக்கும்போதோ, படிக்காதபோதோ, அந்த விளிம்பு உங்களுக்குப் பக்கத்தில் தெரிந்தால் ஒருவரிடம் பேசுங்கள். அன்னுக்குக் கிடைக்காத உதவி உங்களுக்கு இருக்கிறது: சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050. இந்தியாவில் எங்கிருந்தும் டெலி-மானஸ் 14416-ஐ எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.